குளிப்பாட்ட ஆளில்லாத மய்யித்

வேங்கிக்காலில் அஸருக்கும் மக்ரிபுக்கும் இடைப்பட்ட வேளை இனிமையானது. கலெக்டர் அலுவலகத்துக்கு மனுக்களோடு வந்த கூட்டம் கலைந்துவிடும். ஏரிப் பக்கமிருந்து காற்று வரும். அண்ணாமலை மெல்லக் கருநீலமாகும். அந்நேரத்தில்தான் நம்மிடம் குர்ஆன் ஓதும் பிள்ளைகள் வருவது வழக்கம்.

சென்ற ஆண்டு அப்படியொரு மாலையில், தவறாமல் வரும் பையன் ஒருவனைக் காணவில்லை. பதினான்கு வயது, அடக்கமானவன். வீடு அடுத்த தெருவில்தான் என்பதால் நாமே போய்ப் பார்த்தோம். பெரியத்தா மகனின் கணினி முன் அமர்ந்திருந்தான். திரையில் ஒரு மாடிப்படி. அதன் உச்சியில் நின்றவனை இவன் சுட்டான். சுடப்பட்டவன் முழங்கால் மடங்கிச் சரிந்து, படிப்படியாக உருண்டு, ஒரு கை முதுகின் கீழ் அகப்பட, தலை கீழ்ப்படியில் தொங்க, அடங்கினான். சினிமாவில் நடிகர் விழுவது போலன்று. மெய்யாகவே உயிர் போன உடல் விழுவது போலிருந்தது. நமக்கு மேனி கூசியது.

பையன் அடுத்த எதிரியைத் தேடிப் போகவில்லை. விழுந்தவன் அருகே தன் வீரனைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் பார்த்துக் கொண்டேயிருந்தான். சற்று நேரத்தில் அவ்வுடல் மங்கி மறைந்தது. அதன் பின்னும் வெறுந்தரையையே பார்த்துக் கொண்டிருந்தான்.

"கொன்றது போதாதென்று செத்தவனை வேடிக்கை வேறு பார்க்கிறாயா? நெஞ்சு கல்லாகிவிடும்!" என்று கடிந்து கொண்டோம். பதில் பேசாமல் கணினியை அணைத்துவிட்டு ஓத வந்தான். பாடம் முடிந்து மற்றப் பிள்ளைகள் போன பின் தயங்கி நின்று கேட்டான்:

"ஹஜ்ரத், மவுத்தானவங்க நெசமாவே அப்படித்தான் விழுவாங்களா?"

வீண் கேள்வி என்று தள்ளிவிட மனம் வரவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மஹல்லாவில் மய்யித்துக் குளிப்பாட்டும் நம்மிடம் கேட்கத் தக்க கேள்விதான் அது. ஆனால் திரையில் விழுவது எது, அதை விழச் செய்வது எது என்று அறியாமல் விடை சொல்வதெப்படி? நம்மிடம் ஓதி, இன்று சென்னையில் கணினித் துறையில் பணியாற்றும் ஒருவரிடம் சில இரவுகள் தொலைபேசியில் பாடம் கேட்டோம். இல்மைத் தேடுமிடத்தில் ஆசிரியர், மாணவர் என்ற வேறுபாடு ஏது?

தொடக்க காலத்தில் இவ்விளையாட்டுகளில் மரணம் வெறும் அடையாளமாகவே இருந்தது. 1980-இல் ஜப்பானில் பிறந்த 'பேக்மேன்' விளையாட்டில் மஞ்சள் வட்டம் ஒன்று வாயை மேலும் மேலும் அகலத் திறந்து, தன்னைத் தானே விழுங்கினாற்போல் மறைந்துவிடும். 1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ'வில் மாரியோ ஒரு துள்ளுத் துள்ளித் திரைக்குக் கீழே போய்விடுவான். தெருவில் ஆடும் பிள்ளைகள் 'நீ அவுட்டு' என்பார்களே, அதற்கு மேல் அதில் பொருளில்லை.

பிறகு உண்மைத் தோற்றத்தின் மீது ஆசை பிறந்தது. ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்கர் தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து படம் பிடித்து, அப்படங்களைத் தடம் பற்றி வரைந்தே 1989-இல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை உருவாக்கினார். 1993-இல் வந்த 'டூம்' விளையாட்டில் சில அரக்க உருவங்களைக் களிமண்ணில் செய்து, பல கோணங்களில் படமெடுத்துச் சேர்த்தார்கள். எனினும் அவை யாவும் முன்கூட்டியே வரைந்து வைத்த மரணங்கள். படியில் நின்றாலும் சமதரையில் நின்றாலும் அதே விழுதல்தான். இம்முறையில் அமைந்த பிற்காலத்து விளையாட்டுகளில், சுவரோரம் செத்தவனின் கால் சுவரை ஊடுருவி அப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வேடிக்கையும் உண்டு.

அந்நிலையை மாற்றிய முறைக்கு 'ராக்டால்' என்று பெயர். கந்தல் துணியால் செய்த பொம்மை என்பது அதன் பொருள். 1998-இல் வந்த 'டிரெஸ்பாசர்' என்ற விளையாட்டு அதற்கு முன்னோடி முயற்சி. டென்மார்க்கில் உருவாகி 2000-இல் வெளிவந்த 'ஹிட்மேன்' அதில் வெற்றி கண்டது. அதற்குரிய கணக்கை அமைத்த தாமஸ் யாக்கப்சன், 2001-இல் விளையாட்டு உருவாக்குவோர் மாநாட்டில் அதன் நுட்பத்தை விளக்கினார்.

நாம் கேட்டறிந்த அளவில் அந்நுட்பம் இதுதான்: மனித உடலைச் சில புள்ளிகளாகவும், அவற்றைப் பிணைக்கும் நீளம் மாறாத கோல்களாகவும் கொள்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியைக் குறித்தும் கணினி இரண்டே செய்திகளை நினைவில் வைக்கிறது. இப்போது எங்கே இருக்கிறது. ஒரு கணத்துக்கு முன் எங்கே இருந்தது. இவ்விரண்டோடு புவியீர்ப்பைச் சேர்த்து அடுத்து எங்கே இருக்கும் என்று கணக்கிடுகிறது. அதனால் கோல்கள் நீண்டோ குறுகியோ போயிருந்தால் இழுத்துச் சரிசெய்கிறது. முழங்கால் முன்பக்கம் மடங்கலாகாது, கழுத்து முழுவட்டம் சுழலலாகாது என்று மூட்டுகளுக்கு எல்லை வகுக்கிறது. கணக்குப் போடும் இவ்வழி, பிரெஞ்சு இயற்பியல் அறிஞர் லூ வெர்லே 1967-இல் மூலக்கூறுகளின் இயக்கத்தை ஆராயக் கையாண்டதாகும். அணுத்திரளை ஆராய வந்த கணிதம் பிணத்தை விழச் செய்யப் பயன்பட்டது!

2004-இல் வந்த 'ஹாஃப் லைஃப் 2', அயர்லாந்தில் தோன்றிய 'ஹாவோக்' என்னும் இயற்பியல் மென்பொருளைக் கொண்டு இக்கலையை உலகறியச் செய்தது. ஆயினும் அவ்வுடல்கள் துணி மூட்டை போலத் தளர்ந்து சரிந்தன. உயிர் பிரியும் மனிதன் அப்படி ஒரே கணத்தில் துணியாகிவிடுவதில்லையே! தடுமாறுவான், எதையேனும் பற்ற முயல்வான், கையூன்றப் பார்ப்பான். ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியிலிருந்து பிறந்த ஒரு நிறுவனம், தசைகளின் இழுப்பையும் நரம்புகளின் தூண்டலையும் கணக்கில் சேர்த்து 'யூஃபோரியா' என்ற மென்பொருளை அமைத்தது. 2008-இல் வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4' அதைக் கையாண்டது. அதில் சுடப்படுபவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தடுமாறுவர்.

இவ்வளவையும் சொல்லிவந்த அம்மாணவர் இடையில் ஒரு வார்த்தை சொன்னார். நம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது அது. "ஹஜ்ரத், உயிரோடு இருக்கும் வரை அந்த உருவம், கலைஞன் வரைந்து வைத்த அசைவுகளின் வசம் இருக்கிறது. உயிர் போயிற்று என்று குறிக்கப்படும் கணத்தில் அந்த அசைவுகள் அத்தனையும் துண்டிக்கப்பட்டு, உடல் புவியீர்ப்பிடம் ஒப்படைக்கப்படுகிறது."

தொலைபேசியை வைத்த பிறகும் அவ்வார்த்தை காதில் நின்றது. வேலூரில் ஓதிய காலத்தில் பிக்ஹு நூலின் ஜனாஸாப் பாடத்தை நாம் மனனம் செய்திருக்கிறோம். மரணம் நிகழ்ந்துவிட்டது என்பதற்கு ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் கூறும் அடையாளங்கள் எவை? பாதங்கள் தளர்ந்து சாயும்; மூக்கு ஒருபுறம் சரியும்; மணிக்கட்டு முன்கையை விட்டுக் கழன்றாற்போல் தொங்கும்; கன்னப்பொறிகள் குழியும்; முகத்தின் தோல் இழுபடும். கணினி இல்லாத காலத்தில், மய்யித்தின் அருகில் அமர்ந்து கண்ணால் கண்டு எழுதிய குறிப்புகள் இவை. உடலை ஆள்வது ஒன்று உண்டு. அது நீங்கினால் மூட்டுகள் தம் எடைக்குத் தாமே பணிந்துவிடும் என்பதை அந்த இமாம்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே பையனின் கேள்விக்கு 'ஆம், ஏறத்தாழ அப்படித்தான்' என்பதே விடை.

ஆனால் பிக்ஹு நூல் அந்த அடையாளங்களோடு நின்றுவிடுவதில்லை. அடுத்த வரியிலேயே உயிரோடிருப்போரை வேலைக்கு அழைக்கிறது. கண்களை மூடு. அகன்ற துணியால் தாடையைத் தாங்கித் தலைமேல் கட்டு. மூட்டுகளை இளக்கு: முன்கையை மேற்கையோடும், காலைத் தொடையோடும், தொடையை வயிற்றோடும் மெல்ல மடக்கி நீட்டு. வயிறு உப்பாதிருக்க அதன் மேல் சற்றுக் கனமான பொருளை வை. மெல்லிய துணியால் போர்த்து. உயிர் பிரிந்த சில மணி நேரத்தில் தாடையிலும் கழுத்திலும் தொடங்கும் விறைப்பு, ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் பரவும். நம் ஊர் வெயிலில் இன்னும் விரைவாகப் பரவும். அதற்கு முன் மூட்டுகளை இளக்கினால்தான் குளிப்பாட்டுவதும் கபனிடுவதும் எளிதாகும். திரையின் மய்யித்து ஒருபோதும் விறைப்பதில்லை. விறைக்கும் வரை அது இருப்பதுமில்லை.

அபூஸலமா (ரலி) அவர்கள் மறைந்தபோது அவர்களின் திறந்திருந்த கண்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் கரத்தால் மூடியதாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகும் என்ற கருத்துடைய ஹதீஸ் அபூதாவூதில் உண்டு. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது எழுந்து நின்ற நாயகம் (ஸல்) அவர்கள், அதுவும் ஓர் உயிரன்றோ என்ற பொருளில் மறுமொழி சொன்னதைப் புகாரி ஷரீப் அறிவிக்கிறது. குளிப்பாட்டும்போது நீர் அளவான சூட்டில் இருக்க வேண்டும், கை முரடாக இருக்கலாகாது என்று நமக்குக் கற்பித்த பெரியவர், மய்யித்திடம் மெல்லிய குரலில் பேசிக்கொண்டே குளிப்பாட்டுவார். கேட்கிறதோ இல்லையோ, நம் கை மென்மையாகும் அல்லவா!

தவக்குலுக்கு இலக்கணம் கூறுமிடத்தில் ஸஹ்ல் இப்னு அப்துல்லாஹ் துஸ்தரி (ரஹ்) அவர்கள் ஓர் உவமை சொன்னதாக இமாம் குஷைரி தம் ரிஸாலாவில் பதிந்துள்ளார். குளிப்பாட்டுபவரின் கையிலுள்ள மய்யித்தைப் போல அடியான் அல்லாஹ்வின் முன் ஆகிவிடுவதே அதன் தொடக்கம் என்பது அவ்வுவமையின் கருத்து. தனக்கென ஓர் அசைவுமில்லை. திருப்பும் திசையில் திரும்பும். கணினியார் கண்டுபிடித்த துணிப்பொம்மைக்கும் இவ்வுவமைக்கும் எவ்வளவு நெருக்கம்! ஆனால் இடையில் ஒரு பெரும் பள்ளம். உவமையில் மய்யித்து இருக்கிறது, குளிப்பாட்டும் கையும் இருக்கிறது. திரையில் மய்யித்து மட்டுமே இருக்கிறது. அதைப் பற்றியிருப்பது புவியீர்ப்பு ஒன்றே.

கலையில் மரணத்தைக் காட்டுவது புதிதன்று. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார், போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைப்பதாகப் பாடினார். நம் முன்னோர் படைப்போர் என்றே ஓர் இலக்கிய வகையை வளர்த்தார்கள். இத்திருவண்ணாமலை வட்டாரத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, பெரிய மண்ணுருவமாகத் துரியோதனனைத் தரையில் படுக்க வைத்துப் படுகளம் நிகழ்த்துவார்கள். அம்மண்ணுருவம் ஒரு விரலும் அசைக்காது. ஆனால் அங்கே ஒப்பாரி உண்டு. பகைவன் என்று சொல்லப்பட்டவன் செத்தாலும் அழுவதற்கு ஒருத்தி இருக்கிறாள். இயக்கத்தில் மண்பொம்மை தோற்றது. மனிதத்தில் கணினிப் பொம்மை தோற்றது.

இக்குறையை அத்துறையாரும் உணராமலில்லை. 2020-இல் வெளிவந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில், ஒருவன் வீழ்ந்தால் அவன் தோழர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கதறுவார்களாம். பெயர் வந்துவிட்டால் பாதி மனிதன் வந்துவிடுகிறான். நம் நாட்டில் வேறு வழியில் முயன்றார்கள். 2020 செப்டம்பரில் மத்திய அரசு 'பப்ஜி' கைப்பேசி விளையாட்டைத் தடை செய்தது. 2021-இல் அது இந்தியாவுக்கென வேறு பெயரில் வந்தபோது இரத்தம் பச்சை நிறமாயிற்று; 'கொலை' என்ற சொல் போய் 'முடித்தல்' என்ற சொல் வந்தது. இரத்தத்தின் நிறத்தை மாற்றினார்கள். வீழ்ந்தவன் உடல் போய் ஒரு பெட்டியாக மாறுவதை மாற்றவில்லை. அப்பெட்டியைத் திறந்து அவன் துப்பாக்கியையும் மருந்தையும் எடுத்துக்கொள்வார்கள். மய்யித்துக்குப் பதில் அதன் சொத்து!

இத்தகைய ஆட்டங்கள் பிள்ளைகளைக் கொடியவர்களாக்கும் என்று கேட்டவுடன் தலையாட்டுபவர்களில் நாமும் ஒருவராக இருந்தோம். 2020-இல் அமெரிக்க உளவியலாளர் சங்கம், இவ்வாட்டங்களுக்கும் மெய்யான வன்செயலுக்கும் காரண காரியத் தொடர்பு காட்டப் போதிய சான்றில்லை என்றே அறிவித்தது. கத்துதல், தள்ளுதல் போன்ற சிறு முரட்டுத்தனங்களோடு ஓரளவு தொடர்பு காணப்படுவதாகவும் கூறியது. ஆகவே நாம் அஞ்ச வேண்டியது வேறொன்று. மரணத்தை அடிக்கடி நினைவுகூர நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவின் நாற்பதாம் நூலை, இறுதி நூலை, அந்நினைவுக்கே ஒதுக்கினார். ஒரு மாலையில் நூறு மரணங்களைப் பார்க்கும் பிள்ளை மரணத்தை நினைக்கிறானா? விழுதலைப் பார்க்கிறான். விழுந்த பின் மனிதர் செய்ய வேண்டியதைப் பார்ப்பதில்லை.

இவ்விடையைத் திருத்தமாக மனத்தில் அமைத்துக்கொண்டு பையனை அழைத்தோம். அடையாளங்களைச் சொன்னோம், மூட்டுகளைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டான். பிறகு, "அது சரி ஹஜ்ரத். ஆனா ஏன் உடனே காணாமப் போயிடுறாங்க? நான் கொஞ்ச நேரம் பார்க்கணும்னுதான் கிட்டப் போய் நிக்கறேன். அதுக்குள்ள போயிடுறாங்க" என்றான்.

அதற்குரிய விடையும் மாணவரிடம் கேட்டதுதான். வீழ்ந்த உடல்கள் பெருகப் பெருகக் கணினிக்கு நினைவகச் சுமையும் கணக்கின் சுமையும் ஏறும், ஆட்டம் தடைப்படும், ஆகவே அழித்துவிடுகிறார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் பையனின் முகத்தைப் பார்த்தோம். யா அல்லாஹ்! எப்படி மறந்தோம்?

2021 மே மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை. இவனுடைய அத்தா மருத்துவமனையில் மவுத்தானார். அந்நோயில் இறந்தவர்களைக் குளிப்பாட்டுவதும் தழுவுவதும் கூடாதென்று 2020 மார்ச்சிலேயே மத்திய சுகாதாரத் துறை நெறிமுறை வகுத்திருந்தது. உயிரோடிருப்போரைக் காக்க வந்த விதி அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. நோய் கண்டு வீட்டார் அனைவரும் அடைபட்டுக் கிடந்தார்கள். பையில் வைத்துக் கட்டிய உடல் நேரே கபருஸ்தானுக்கு வந்தது. முழு உடையணிந்த இளைஞர் நால்வர் இறக்கினார்கள். நாம் சற்றுத் தள்ளி நின்று ஜனாஸாத் தொழுகை நடத்தினோம். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அன்று இவனுக்குப் பத்து வயது. அத்தாவின் முகத்தை இவன் பார்க்கவில்லை.

கல்லாகிவிடும் என்று நாம் கடிந்த நெஞ்சு, திரையில் விழுந்த எவனோ ஒருவனருகே, ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்க இடம் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று கல்லாக இருந்தது நம் நெஞ்சே.

"அன்றைக்கு உன்னை ஏசியது நம் தவறு. மன்னித்துக்கொள்" என்றோம். அவன் தலைகுனிந்தபடி, "அத்தாவைக் குளிப்பாட்டவே இல்லையாமே ஹஜ்ரத்?" என்றான். நான்கு ஆண்டுகள் அவன் நெஞ்சில் கிடந்த கேள்வி அது.

உஹதுக் களத்தைப் பற்றிச் சொன்னோம். அன்று ஷஹீதானவர்கள் குளிப்பாட்டப்படவில்லை. ஆயினும் அவர்கள் கேட்பாரற்றுக் கிடக்கவில்லை. ஒரு கபரில் இருவரை வைக்கும்போதும், இவர்களில் குர்ஆனை அதிகம் கற்றவர் யார் என்று கேட்டு, அவரை முதலில் வைக்கச் செய்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அதே களத்தில் ஹன்ழலா (ரலி) அவர்களை மலக்குகள் குளிப்பாட்டியதாக ஸீரா நூல்கள் கூறுவதையும் சொன்னோம். கொள்ளை நோயில் மரணிக்கும் முஃமினுக்கு ஷஹீதின் கூலி உண்டென்பதையும் சொன்னோம். "உன் அத்தாவின் நிலையை அல்லாஹ்வே அறிவான், நாம் துணிந்து கூறலாகாது. ஆனால் மனிதர் கை எட்டாத இடத்தில் அவன் கருணை எட்டாது என்று மட்டும் நினைக்காதே" என்றோம். அவன் அழுதான். நாமும் அழுதோம்.

சில வாரங்கள் கழித்து, எண்பது வயது கடந்த முதியவர் ஒருவர் நம் தெருவில் காலமானார். பையன் தானே வந்து, "நானும் வரட்டுமா ஹஜ்ரத்?" என்றான். அவன் தாயிடமும் முதியவரின் மக்களிடமும் இசைவு பெற்று அழைத்துச் சென்றோம். நீர் மொண்டு கொடுத்தான். மய்யித்தை இடப்பக்கம் திருப்ப வேண்டி வந்தபோது தோளைத் தாங்கச் சொன்னோம். இரு கையாலும் தாங்கினான். தலை சரியாதபடி, சொல்லாமலே, தன் முழங்கையை அணைகொடுத்தான்.

வீடு திரும்பும் வழியில் ஏரிக்கரையருகே வரும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்:

"ரொம்பக் கனமா இருந்தாங்க ஹஜ்ரத்."

"ஆமாம். அதனால்தான் நால்வர் தூக்குகிறோம்" என்றோம்.